சான்றிதழுக்கு முன்னும் பின்னும்: மாவனல்லையில் தொழிற்பயிற்சியும் வேலையும்

இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரித்து எண்ணுகிறது. மாநகர சபைக்கோ நகர சபைக்கோ உட்பட்ட இடம் நகரம். 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் 10 பேருக்குக் குறையாத குடியிருப்புத் தொழிலாளரும் கொண்டது பெருந்தோட்டம். மிச்சமெல்லாம் கிராமம். கொழும்பு–கண்டி வீதியில், கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில் உள்ள மாவனல்லை பிரதேச சபையின் கீழ் வருவதால் கணக்கில் கிராமம். மகா ஓயாவின் மேல் 1833இல் கட்டப்பட்ட வளைவுப் பாலம், பஸ் நிலையம், வங்கிகள், புடவைக் கடைகள், ஹார்ட்வெயார்கள், கராஜ்கள் எல்லாம் இருந்தும் ஏட்டில் அது கிராமம்தான். மாவனல்லை அடங்கும் கேகாலை மாவட்டத்தில் நகர சபை இருப்பது கேகாலைக்கு மட்டுமே. அதனால் 2012 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் 8.4 இலட்சம் மக்களில் நகரவாசிகள் 2 வீதம் அளவுதான்.

இந்தப் பிரிப்பு திட்டம் போடுகிறவர்களின் பார்வையையும் பிரித்துவிடுகிறது. நகரத்துக்கு ஒரு திட்டம், கிராமத்துக்கு ஒரு திட்டம், தோட்டத்துக்கு ஒரு நம்பிக்கை நிதியம் என்று போகும்போது, மூன்று பக்கத்து ஆட்களும் வேலை தேடி வந்து சேரும் கடைவீதி எவருடைய கோப்பிலும் இல்லாமல் போகிறது. மாவனல்லை போன்ற சிறு நகரங்களில் பயிற்சி நிலையங்கள் எத்தனை என்பது இரண்டாவது கேள்வி. ஓர் இளைஞர் எந்த வழியில் வகுப்புக்கு வந்து சேர்கிறார், படித்து முடித்தபின் எந்த வழியில் ஒரு முதலாளியிடம் போய்ச் சேர்கிறார் என்பதே முதல் கேள்வி. இலங்கையின் அனுபவமும் வெளிநாட்டு ஆய்வுகளும் இதையே சொல்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

யார் வேலை தேடுகிறார்கள்?

மாவனல்லை நகரிலும் ஹெம்மாதகமைப் பக்கத்திலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நெருக்கமாக வாழ்கிறார்கள். சுற்றியுள்ள கிராமங்கள் பெரும்பாலும் சிங்களக் கிராமங்கள். மாவட்டத்தின் தெற்கே யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை வரை தேயிலையும் றப்பரும் பரவிக் கிடக்கின்றன. அங்கே லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் மலையகத் தமிழர்கள் இருக்கிறார்கள். நுவரெலியாவைப் போல் இங்கே அவர்கள் ஒரே திரளாக இல்லை. பெருவாரியான சிங்களச் சூழலுக்குள் தோட்டம் தோட்டமாகச் சிதறியிருக்கிறார்கள். அரசியல் பலம் குறைவு, தமிழ்ப் பாடசாலைகள் தூரம், தமிழில் சேவை தரும் அலுவலகங்கள் அருமை என்பவற்றுக்கெல்லாம் இந்தச் சிதறலே வேர்.

மூன்று கூட்டத்தாருக்கும் வேலை கிடைக்கும் வாசல் வேறு வேறு. நகரத்து முஸ்லிம் பையன் சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு வாப்பாவின் கடைக்கோ மாமாவின் கடைக்கோ போவான். அங்கிருந்து புறக்கோட்டை, அதையும் தாண்டினால் வளைகுடா. கிராமத்துச் சிங்கள இளைஞன் அரசாங்க உத்தியோகத்தையும் இராணுவத்தையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே முச்சக்கர வண்டி ஓட்டுவான். தோட்டத்துப் பிள்ளைக்குக் கொழும்புக் கடை, சாப்பாட்டுக் கடை, கார்மென்ட்ஸ் என்பவையே தெரிந்த வாசல்கள். அவிசாவளையில் 1999இல் திறந்த சீதாவக்கைக் கைத்தொழில் வலயம் தெற்குத் தோட்டங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நின்று தோட்டத்தில் பேர் பதிய இன்றைய இளைஞர்களில் விரும்புகிறவர்கள் சொற்பம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. அந்தக் கணக்கு முழுதாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில்தான். பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க வேலை இல்லை. அரசாங்க வேலையில் உறவினர் இல்லாத குடும்பத்துக்கு விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும், கடைசித் திகதி எது, யாரிடம் கேட்பது என்ற சாதாரண விவரங்களும் இல்லை. ஒரு தலைமுறை இழந்த உரிமை அடுத்த தலைமுறையில் தகவல் இழப்பாக வெளிப்படுகிறது.

நாட்டளவில் பார்த்தால், அண்மைய ஆண்டுகளில் மொத்த வேலையின்மை 5 வீதத்தை ஒட்டி நிற்க, 15–24 வயதினரிடையே அது 20 வீதத்துக்கு மேல் இருந்து வருகிறது. பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தொழிற்படையில் இருக்கிறார். வேலையில் இருப்போரில் பாதிக்கு மேல் முறைசாராத் துறையில், நியமனக் கடிதமோ சேமலாப நிதியோ இல்லாமல் உழைக்கிறார்கள். வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போனோர் 2022இல் 3 இலட்சத்தைத் தாண்டினர், 2024இலும் அப்படியே.

நிறுவனங்களுக்குக் குறைவில்லை

தொழிற்பயிற்சிக்கு இலங்கையில் நீண்ட மரபு உண்டு. மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் 1893. தொழில் பயிலுநர் சட்டம் 1971இல் வந்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவுக்கு வழிவகுத்து, பயிலுநர் சபையைத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையாக மாற்றியது. கிராமப்புறங்களை எட்டுவதற்கென 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபை அமைந்தது. பின்னர் தேசிய தொழில் தகைமை முறை வந்தது. ஊரில் எல்லாரும் என்.வி.கியூ என்று சொல்வது இதைத்தான். ஏழு மட்டங்கள் கொண்ட ஏணி அது. முதல் நான்கும் கைத்தொழிற் சான்றிதழ்கள், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். அந்த ஏழாவது மட்டத்துக்காக 2008ஆம் ஆண்டின் சட்டப்படி தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்றும் இரத்மலானையில் உண்டு.

காகிதத்தில் இது நல்ல ஏணி. சாதாரண தரத்தில் கணிதம் தவறிய பிள்ளையும் வெல்டிங் வகுப்பில் ஏறி ஒரு நாள் பட்டம் வரை போகலாம். கேகாலையில் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. பிறகு ஏன் மாவனல்லையில் கராஜ் முதலாளி ஆள் கிடைக்கவில்லை என்று குறைப்பட, அவருடைய கராஜுக்கு மேலே உள்ள லயத்தில் உயர் தரம் முடித்த பிள்ளை வேலையில்லாமல் இருக்கிறது?

பயிற்சி மட்டும் தனியாக என்ன சாதிக்கும் என்பதைப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக அளந்து வருகிறார்கள். வளர்முக நாடுகளின் பயிற்சித் திட்டங்களை 2017இல் தொகுத்து ஆராய்ந்த டேவிட் மெக்கென்சி, சராசரியாக அவை வேலைவாய்ப்பை 2 வீதப் புள்ளி அளவே உயர்த்துகின்றன என்று கண்டார். பயிற்சி இல்லாமலும் வேலை பெற்றிருக்கக்கூடியவர்களைக் கழித்துவிட்டால், நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்ததால் புதிதாக வேலை பெற்றவர் இரண்டு பேர். ஆனால் சராசரி என்பது நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகக் கலந்த எண். நன்றாகப் பலித்த திட்டங்களில் வேறு எது இருந்தது என்று பார்ப்பதுதான் நமக்கு உதவும். அதற்கு முன் இங்குள்ள தடைகளைப் பார்ப்போம்.

வகுப்பின் மொழி

தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழி. என்றாலும் வடக்கு கிழக்குக்கு வெளியே, சிங்களப் பெரும்பான்மை மாவட்டங்களில் பெரும்பாலான பயிற்சி வகுப்புகள் சிங்களத்திலேயே நடக்கின்றன. தமிழ் வகுப்பு நடத்தப் போதிய பிள்ளைகள் சேரவில்லை என்பது நிலையங்கள் சொல்லும் காரணம். தமிழில் வகுப்பு இல்லாததால்தான் சேரவில்லை என்பது பிள்ளைகள் சொல்லும் காரணம். இரண்டும் உண்மை, ஒன்றையொன்று வளர்க்கும் உண்மைகள்.

வேலைத்தலத்தில் மொழித் தடை இவ்வளவு பெரிதாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மாவனல்லைக் கராஜ் ஒன்றில் முஸ்லிம் பாஸும் சிங்கள உதவியாளனும் தோட்டத்துப் பையனும் ஒரே லொறிக்கு அடியில் படுத்திருப்பார்கள். கிளச் பிளேட், கியர் பொக்ஸ், பெயாரிங் என்று சாமான் பெயர்கள் மூவருக்கும் ஒன்று. மற்றதைப் பாதிச் சிங்களத்தில் சமாளிப்பார்கள். மாட்டிக்கொள்வது கோட்பாட்டு வகுப்பிலும் வினாத்தாளிலும்தான். பேசத் தெரிந்த சிங்களம் எழுதத் தெரிந்த சிங்களமாக இருப்பதில்லை.

ஹட்டனில் தொண்டமான் பெயரிலான தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் யட்டியாந்தோட்டையிலிருந்தோ மாவனல்லையிலிருந்தோ கிளிநொச்சிக்கு அனுப்ப, அதிலும் பெண் பிள்ளையை அனுப்ப, எத்தனை தாய்மார் சம்மதிப்பார்கள்? வீட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இல்லாத நிலையம் தோட்டத்துப் பெண்ணுக்கு இல்லாத நிலையமே.

ஆறு மாதத்தின் விலை

அரசாங்கப் பயிற்சியில் பல வகுப்புகள் இலவசம். குடும்பத்துக்கு அது இலவசம் இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. மழை நாள், வேலையில்லா நாள் போக மாதம் 20 நாள் என்று குறைத்தே வைத்தாலும், 2024ஆம் ஆண்டுச் சம்பளப்படி ஆறு மாதத்துக்கு 1,62,000 ரூபா. பதினெட்டு வயதுப் பிள்ளை வகுப்பில் உட்காரும் ஒவ்வோர் ஆறு மாதமும் வீட்டுக்கு வரக்கூடிய அந்தத் தொகை வராமல் போகிறது. அதற்கு மேல் பஸ் காசு, சாப்பாடு, பாதணி. கொழும்புக் கடையோ தங்குமிடத்தோடும் சாப்பாட்டோடும் அடுத்த வாரமே ஆளை எடுத்துக்கொள்ளத் தயார். சான்றிதழ் மேல் என்று தெரிந்தும் கடையைத் தெரிவு செய்யும் தகப்பனை அறியாமை உள்ளவர் என்று சொல்வது நியாயமில்லை. கையிருப்பு இல்லாதவரால் காத்திருக்க முடியாது.

பெண்களின் நிலை இன்னும் இறுக்கம். தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வரும் பஸ் நாளுக்குச் சில தடவைதான். பின்னேரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசில் அன்றைய சம்பளத்தில் பாதி போய்விடும். கொலம்பியாவின் நகரங்களில் மூன்று மாத வகுப்பையும் மூன்று மாத நிறுவனப் பயிற்சியையும் சேர்த்து, போக்குவரத்துக்கும் சிறு தொகை கொடுத்து நடந்த ஒரு திட்டத்தை 2011இல் அத்தனாசியோ, கூக்லர், மெகிர் ஆகிய மூவர் ஆராய்ந்தார்கள். பெண்களின் வருமானம் ஏறத்தாழ 20 வீதம் கூடியிருந்தது. ஆண்களுக்கு அவ்வளவு பலன் தெரியவில்லை. வாய்ப்பு மிகக் குறைந்திருந்தவருக்கே உதவி கூடுதலாகப் பலித்தது.

கையில் இருப்பதற்குப் பத்திரம்

திறன் இல்லை என்று யாரைச் சொல்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். றப்பர் பால் வெட்டும் ஒரு பெண்ணின் கையைக் கவனியுங்கள். விடியுமுன் மரத்தடியில் நின்று, முந்திய வெட்டின் ஓரத்தைப் பிடித்து, மெல்லிய தோல் சீவலாக இழுத்து வருவாள். பால் ஓடும் நாளங்களைத் திறக்கும் அளவுக்கு ஆழம் வேண்டும். ஆனால் மரத்தின் வளர்படையைக் கத்தி தொட்டுவிடக் கூடாது. இடையில் விடவேண்டிய பட்டையின் கனம் ஒரு மில்லிமீற்றர் அளவுதான். தொட்டுவிட்டால் அந்த இடத்தில் வளரும் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாகி, வருடக்கணக்கில் வெட்ட உதவாது. நூற்றுக்கணக்கான மரங்களில், அரை வெளிச்சத்தில் இதைச் செய்பவளைச் சம்பளப் பட்டியல் தொழிலாளி என்ற பொதுப் பேரில் அடக்குகிறது.

நகரத்திலும் இதே கதைதான். பதினைந்து வருடம் மேசன் பாஸாக இருந்தவரிடமும், பத்து வருடம் லொறி எஞ்சின் பிரித்துப் பூட்டியவரிடமும் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. என்.வி.கியூ முறையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பது அதன் பெயர். வகுப்புக்குப் போகாமலேயே, அனுபவத்துக்கான ஆதாரத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் ஒருவர் கேள்வி கேட்பார், கருவியைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார், தேசியத் தர அளவின் ஒவ்வோர் அலகுக்கும் தேறினாரா என்று குறிப்பார். எஞ்சின் வேலை அத்துப்படியாக இருந்து, பாதுகாப்பு விதியோ அளவீட்டுக் கருவியோ தெரியவில்லை என்றால், அந்த இடைவெளியை மட்டும் நிரப்பிக்கொண்டு மீண்டும் வரலாம்.

அந்தத் தாளுக்கு இவ்வளவு மதிப்பு உண்டா? உகண்டாவில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவுகள் 2020இல் வெளியாயின. இளைஞர்களில் ஒரு சாராருக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழோடு கூடிய பயிற்சி, இன்னொரு சாராருக்கு நிறுவனத்துக்குள்ளேயே பயிற்சி. இரு சாராரும் முன்னேறினார்கள். ஆனால் காலம் போகப் போகச் சான்றிதழ் பெற்றவர்களே முந்தினார்கள். வேலை போனால் வேறு இடத்தில் தம் திறனைக் காட்டி நுழைய அவர்களால் முடிந்தது. மற்றவர்களின் திறன் அவர்களைப் பழக்கிய முதலாளிக்கு மட்டுமே தெரிந்திருந்தது. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலும் இதையொத்த பலன் கண்டார்கள். விண்ணப்பம் எழுதவும் நேர்முகத்தை எதிர்கொள்ளவும் சொல்லிக்கொடுத்து, திறன் தேர்வு வைத்துச் சான்றும் கொடுத்த சிறு பட்டறை ஒன்றில் கலந்தவர்களின் வருமானம் நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஏறத்தாழ 20 வீதம் கூடியிருந்தது.

மாவனல்லைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இங்கே வேலை தெரிந்தவர் மூலமாகவே கைமாறுகிறது. தெரிந்தவர் என்பவர் பெரும்பாலும் சொந்த இனத்தவர், சொந்தப் பள்ளிவாசல் அல்லது விகாரை வட்டத்தவர். 2001 மே மாதத் தொடக்கத்தில் முஸ்லிம் கடைகள் எரிக்கப்பட்ட நகரம் இது. அப்படிப்பட்ட நகரத்தில் அறிமுகம் இல்லாத வேற்றின இளைஞனை வேலைக்கு எடுக்க முதலாளி தயங்குவது புதிரில்லை. ஆளைத் தெரியாத இடத்தில், ஆளின் திறனுக்கு அரசு நிற்கும் சாட்சிதான் சான்றிதழ்.

சான் அந்தோனியோவில் செய்தது

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் 1990இல் லீவைஸ் ஆடைத் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். பெரும்பாலோர் மெக்சிக்க வம்சாவளிப் பெண்கள், அதிகம் படிக்காதவர்கள். தேவாலயங்களை அடித்தளமாகக் கொண்ட சமூக அமைப்புகள் 1992இல் புரொஜெக்ட் குவெஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கின. வேலை தருபவர்களிடம் முதலில் போய், எந்தத் தொழிலுக்கு ஆள் வேண்டும், என்ன தகைமை, என்ன சம்பளம் என்று கேட்டார்கள். மருத்துவத் துறை முன்னுக்கு வந்தது. அதன்பிறகுதான் ஆட்களைச் சேர்த்தார்கள். படிப்பு நகரத்துச் சமுதாயக் கல்லூரிகளில். திட்டம் கொடுத்தது மற்றவற்றை: கணிதமும் வாசிப்பும் பின்தங்கியவர்களுக்கு முன்வகுப்பு, பிள்ளை பராமரிப்புக்கும் போக்குவரத்துக்கும் உதவி, வாராவாரம் ஓர் ஆலோசகருடன் சந்திப்பு, முடித்தபின் வேலையில் அமர்த்தும் வரை துணை.

விண்ணப்பித்தவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நெடுங்காலம் பின்தொடர்ந்தார்கள். ஒன்பதாம் ஆண்டில் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மற்றவர்களை விட வருடத்துக்குச் சுமார் 5,000 டொலர் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பயிற்சியின் பலன் ஓரிரு வருடத்தில் கரைந்துவிடும் என்ற பொது அனுபவத்துக்கு இது மாறானது. குறிப்பிட்ட தொழில்துறையின் தேவையை அறிந்து பயிற்றும் மூன்று அமெரிக்கத் திட்டங்களை ஆராய்ந்த 2010ஆம் ஆண்டு ஆய்வும், இரண்டு ஆண்டில் வருமானம் 18 வீதம் கூடியதாகக் கண்டது.

சான் அந்தோனியோவும் மாவனல்லையும் ஒன்றல்ல. அங்கே பெரிய மருத்துவமனைகள் ஆள் தேடின. இங்கே வேலை தருபவர்கள் பத்துப் பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் கடைக்காரர்கள். ஒரு பெரிய எச்சரிக்கையும் உண்டு. பிரான்சில் வேலை தேடும் இளைஞர்களுக்குக் கொடுத்த உதவியைப் பற்றி எஸ்தர் டுஃப்லோவும் சகாக்களும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், உதவி பெற்றவர்கள் முந்தியதில் ஒரு பங்கு உதவி பெறாதவர்களைப் பின்தள்ளியதால் வந்தது என்று தெரிந்தது. வேலைச் சந்தை மந்தமாக இருக்கும்போது இது கூடும். 2022இல் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கிய நாட்டில் இதை மறக்கக் கூடாது. பயிற்சி வேலையைப் படைக்காது. இருக்கும் வேலைக்கும் இருக்கும் ஆளுக்கும் நடுவிலுள்ள அடைப்பை எடுக்கும், அவ்வளவுதான். அதே நெருக்கடியில் மேசன்மாரும் எலெக்ட்ரிஷன்மாரும் கப்பலேறியும் விமானமேறியும் போனதில், நிரப்பப்படாத இடங்களும் உருவாகியிருக்கின்றன என்பது மறுபக்கம்.

எதை முதலில் செய்வது?

புதுக் கட்டடம் இல்லாமலேயே செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது மின்சாரம், வாகனத் திருத்தம், தாதியர் உதவி, தையல் போன்ற தொழில்களுக்குத் தமிழ்மொழிக் குழு. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளையும் நகரத்து முஸ்லிம் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் ஒரு வகுப்புக்குப் போதிய ஆள் இல்லை என்ற காரணம் நிற்காது. தனித்தனி இனமாக எண்ணுவதால்தான் எண்ணிக்கை போதாமல் போகிறது. கூடவே வேலைத்தலச் சிங்களமும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, முன்கற்றல் மதிப்பீட்டை நகரத்துக்கே கொண்டுவருவது. மேசன்மாரும் கராஜ் பாஸ்மாரும் வேலை நாளை இழந்து அலுவலகம் தேடி அலையாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் மதிப்பீட்டாளர் மாவனல்லைக்கு வரலாம். பாஸுக்குச் சான்றிதழ் கிடைத்தால், அவரிடம் பழகும் பையனுக்கும் அதன் அருமை தெரியும்.

மூன்றாவது, பயிற்சிக் காலத்துக்குப் பஸ் காசும், கைவிடப்படும் நாட்சம்பளத்தில் ஒரு பங்குக்கு ஈடான உதவித்தொகையும். செலவு மிகுந்தது இதுதான். அதனால் எல்லாருக்கும் என்று சிதறவிடாமல், தோட்டக் குடும்பத்துப் பெண்களிடமிருந்து தொடங்குவது கொலம்பிய அனுபவத்தோடும் பொருந்தும்.

நான்காவது, ஆலோசகர். பிரதேச செயலகங்களில் மனிதவளத்துக்கென உத்தியோகத்தர் உண்டு. அவர்களுடைய வேலையை அளக்கும் கோல் இப்போது நடத்திய கருத்தரங்கும் நிரப்பிய படிவமும். அதற்குப் பதிலாக, பயிற்சியில் சேர்த்துவிட்டவர்களில் ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளத்தில் இருக்கிறார்கள் என்ற கணக்கை மட்டும் கேட்டால், உத்தியோகத்தர் தாமாகவே வர்த்தகர் சங்கத்திடமும், வீதியோர வாசனைத் திரவியத் தோட்டக்காரர்களிடமும், பின்னவலைப் பக்கத்து ஹோட்டல்களிடமும் போய்ப் பேசத் தொடங்குவார்.

நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்கப் பணம் இருக்காது. அப்படியானால் மொழியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு விரிவுரையாளரின் சம்பளமும் மொழிபெயர்த்த பாடக்குறிப்பும் வினாத்தாளும்தான் அதன் செலவு. உதவித்தொகை, ஆலோசகர் ஆகிய இரண்டும் வகுப்புக்குள் வந்துவிட்டவருக்கே பயன்படும். புரியாத மொழியில் நடக்கும் வகுப்பில், இலட்சக்கணக்கில் உதவித்தொகை கொடுத்தாலும் பிள்ளை இரண்டாம் மாதம் நின்றுவிடும். அந்தச் செலவு அரசின் ஏட்டில் பயிற்சி என்றும், தோட்டத்தில் இன்னொரு வீணான முயற்சி என்றும் பதிவாகும்.